கொடைக்கானலுக்கு முதுகைக் காட்டி: டிஷ்ஷை நீங்களே திருப்புவது எப்படி

எங்கள் மொட்டை மாடியில் ஒரு பழைய அலுமினிய ஆன்டெனா இன்னும் நிற்கிறது. மாமனார் நட்டது. கொடைக்கானல் டிவி டவரைப் பார்த்து வடமேற்கே மூக்கை நீட்டியபடியே அதற்கு வயதாகிவிட்டது. இப்போது அதன் கம்பத்தில் துணி காயப்போடும் கொடிக்கயிறு, மேலே காக்கை. மதுரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இப்படி ஒன்று இன்னும் இருந்தால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். டிஷ் மாட்டும்போது அதுதான் முதல் திசைகாட்டி. அதன் மூக்கு எந்தப் பக்கமோ அதற்கு நேர் முதுகுப் பக்கம் திரும்பி நின்று, நன்றாக அண்ணாந்து பாருங்கள். நாம் தேடுகிற சேட்டிலைட் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. சோழவந்தான் பக்கம் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். மாடியில் ஒரு அறை எடுத்தபோது டிஷ்ஷைக் கழற்றி இடம் மாற்ற வேண்டி வந்தது. மாட்டித்தர வேண்டிய ஆள் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஒன்பது நாள் இழுத்தார். அத்தை டிவி இல்லாமல் என் தலையை உருட்டிக்கொண்டிருந்தார். பத்தாவது நாள் நானே ஸ்பேனரை எடுத்தேன். அன்றைக்கு முழுதாக நாலு மணி நேரம் ஆனது. அதற்கப்புறம் வாடிப்பட்டியில் அண்ணன் வீடு, உசிலம்பட்டியில் சித்தி வீடு என்று நாலைந்து டிஷ் திருப்பிவிட்டேன். இப்போதெல்லாம் முக்கால் மணி நேரம்.

எங்களிடம் இருப்பது தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்ததே இதுதான். மாத வாடகை கிடையாது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அதில் இந்திச் சேனல்கள்தான் நிறைய, தமிழுக்கு விரல் விட்டு எண்ணலாம். அத்தைக்குப் பொதிகை போதும். 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் என்று பெயர் மாறியதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை, இன்றுவரை பொதிகைதான். நீங்கள் வேறு கம்பெனி டிஷ் வைத்திருந்தாலும் வேலை ஒன்றுதான், திசையும் சாய்வும்தான் மாறும். அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கே வைப்பது

நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பேரும் “மலை மறைக்குமா?” என்று கேட்பார்கள். எனக்கும் வைகைக்கு அந்தப் பக்கம் நாகமலையைப் பார்த்து அந்தப் பயம் இருந்தது. மறைக்காது. நாம் தேடும் சேட்டிலைட் பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. மதுரை அந்த நடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரிகூட வடக்கே இல்லை. அதனால் நமக்கு அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே தெரியும். ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 மதுரையிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 68 டிகிரிக்கும் சற்று மேலே. டெல்லிக்காரருக்கு அதே சேட்டிலைட் 52 டிகிரிதான். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே டிஷ்ஷைச் சாய்த்தால் சத்தியமாகச் சிக்னல் வராது. நான் இழந்த நாலு மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் அதில் போனதுதான்.

ஆக, நம்மை மறைக்கக்கூடியது மலை இல்லை. பக்கத்துத் தென்னை, தண்ணீர் டேங்க், மாடிப்படி அறையின் சுவர். கணக்கு எளிது. டிஷ்ஷை விட 15 மீட்டர் உயரமாக ஒரு தென்னை இருந்தால், அது தென்கிழக்கில் 6 மீட்டருக்குள் நின்றால்தான் தொல்லை. அதற்கு வெளியே நின்றால் கவலை வேண்டாம். ஆனால் மட்டை வளரும், காற்றில் ஆடும். இரண்டு மீட்டர் கூடுதலாகவே விட்டுவையுங்கள்.

இதைச் சோதிக்க எனக்குப் பிடித்த ஒரு வழி இருக்கிறது. பங்குனி பிறந்த இரண்டாம் மூன்றாம் நாள் காலை பதினொன்றே கால் மணி வாக்கில், அதே மாதிரி புரட்டாசி 10, 11 தேதியில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னால், சூரியன் அந்தச் சேட்டிலைட் இருக்கும் இடத்திலேயே வந்து நிற்கும். அந்த நேரத்தில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். டிஷ் வைக்க நினைக்கிற இடத்தில் வெயில் விழுந்தால் அந்த இடம் நல்ல இடம். நிழல் விழுந்தால் நகருங்கள். வேறு எந்தக் கருவியும் வேண்டாம்.

இடம் முடிவானதும் பிடிமானம். எங்கள் பழைய டிஷ்ஷைக் கைப்பிடிச்சுவரில் இரண்டே போல்ட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பூச்சுக்குள் போல்ட் இறங்கியிருந்ததே தவிர, செங்கல் அதைப் பிடிக்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது இது எம்மாத்திரம். டிஷ் விழவில்லை, ஆனால் தினமும் ஒரு நூலளவு திரும்பிக்கொண்டே இருந்தது. நாலு ஆங்கர் போல்ட்டும் கான்கிரீட்டில் இறங்க வேண்டும். தட்டோடு பதித்த தளத்தில் துளை போட்டால் அந்த வழியாக மழைத் தண்ணீர் கீழே அறைக்கு இறங்கும். முடிந்தவரை அடுத்த மாடிக்கென்று விட்டிருக்கும் தூணையோ, லின்டலையோ பாருங்கள். மின்கம்பி போகிற பக்கம் வேண்டவே வேண்டாம். கைப்பிடிச்சுவர் ஓரத்தில் வேலை செய்கிறபோது கூட ஒரு ஆள் மேலே இருக்கட்டும்.

கம்பம் நேராக நிற்பதுதான் பாதி வேலை

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டிஷ்ஷைத் தாங்கும் கம்பம் தூக்குகுண்டு போட்டுப் பார்த்தால் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் பார்த்தால் போதாது. கிழக்கிலிருந்து ஒரு தடவை, தெற்கிலிருந்து ஒரு தடவை பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பும்போதே உயரமும் சேர்ந்து மாறும். அப்புறம் பூனை தன் வாலைப் பிடிக்கிற கதைதான். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் கேட்டால் கொடுப்பார். என்னிடம் அன்றைக்கு நூலில் கட்டிய பாபின்தான் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

எவ்வளவு சாய்ப்பது

நம் வீடுகளில் இருக்கிற டிஷ் நேரே முன்னால் பார்ப்பதில்லை. சிக்னலை வாங்குகிற எல்என்பி என்கிற அந்தத் தலை, டிஷ்ஷின் நடுவில் நிற்காமல் கீழேயிருந்து ஒரு கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் டிஷ்ஷின் முகம் எங்கே பார்க்கிறதோ அதைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலேயிருந்து வருகிற சிக்னலைத்தான் அது பிடிக்கும். முகத்தை 68 டிகிரிக்குச் சாய்த்தால் வானத்தின் உச்சியையும் தாண்டிப் பின்பக்கம் போய்விடும்.

எத்தனை டிகிரி கழிக்க வேண்டும் என்பதை இன்ச் டேப் சொல்லும். டிஷ்ஷின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பார்வைக்கு வட்டமாக இருந்தாலும் உயரம் சற்றுக் கூடுதலாக இருக்கும். என்னுடையது அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 66. 60-ஐ 66-ஆல் வகுத்தால் 0.909. பத்தாம் வகுப்பு படிக்கிற மகனிடம் கொடுத்தேன். கால்குலேட்டரில் காஸ் இன்வர்ஸ் அழுத்தி 24.6 என்றான். கழிக்க வேண்டியது அதுதான். 68.6-லிருந்து 24.6 போனால் 44. என் டிஷ்ஷின் முகம் நிமிர்ந்த நிலையிலிருந்து 44 டிகிரி மல்லாந்திருக்க வேண்டும். பாதி படுத்த மாதிரி.

அந்த 44-ஐ எப்படி அளப்பது? கிளாம்ப்பில் அச்சடித்த அளவுக்கோடுகளை நான் நம்புவதில்லை. பெயின்ட் அடித்ததில் பாதி மறைந்திருக்கும். மகனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தேன். அதன் நடுத் துளையில் தையல் நூலைக் கோத்து, கீழே ஒரு பாபினைக் கட்டினேன். டிஷ்ஷின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடுகிற மாதிரி ஒரு நீள ஸ்கேலை நிறுத்தி, அந்த ஸ்கேலோடு கோணமானியின் நேர்விளிம்பை ஒட்டிப் பிடித்தேன். டிஷ் நிமிர்ந்து நின்றால் நூல் பூஜ்ஜியத்தில் தொங்கும். மல்லாக்க மல்லாக்க எண் ஏறும். 44-ல் நின்றதும் பக்கத்து நட்டை லேசாக, கையால் தள்ளினால் மட்டும் அசைகிற அளவுக்கு, இறுக்கினேன். காற்றடிக்கிற நேரத்தில் பாபின் ஊஞ்சலாடும். விடிகாலையில் அளப்பது நல்லது.

எந்தப் பக்கம்

வடக்கை பூஜ்ஜியமாக வைத்து வலமாக எண்ணினால் கிழக்கு 90, தெற்கு 180. மதுரையிலிருந்து ஜிசாட்-15 இருப்பது 122. அதாவது நேர் தென்கிழக்கிலிருந்து சற்றுக் கிழக்கே ஒதுங்கி. மேலூரானாலும் திருமங்கலமானாலும் ஒரு டிகிரி கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

வேறு கம்பெனிக்காரர்களுக்கு: சன் டைரக்ட் 91.5 டிகிரி சேட்டிலைட்டில் வருகிறது (இந்த எண் காம்பஸ் திசை இல்லை, சேட்டிலைட் நிற்கிற கிழக்குத் தீர்க்கரேகை; ஜிசாட்-15-க்கு அது 93.5). அதற்கு மதுரையில் திசை 126, அடிவானத்திலிருந்து உயரம் 70 சொச்சம் டிகிரி. டிஷ் டிவி 95 டிகிரி. திசை 120, உயரம் 67. டாடா பிளே 83 டிகிரி. திசை 154, உயரம் 77, கிட்டத்தட்ட உச்சந்தலை. ஏர்டெல் 108.2, அது நன்றாகக் கிழக்கே தள்ளி, திசை 107, உயரம் 53தான். தென்னை கணக்கு அவர்களுக்குத்தான் பெரிதாக இடிக்கும்; அதே 15 மீட்டர் மரம் 11 மீட்டர் தூரத்தில் நின்றாலும் மறைக்கும். இதனால்தான் ஒரே தெருவில் டிஷ்ஷுகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அப்படியே வைக்கிறவர்கள் முதலில் அது எந்தக் கம்பெனி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் இருக்கும் காம்பஸ் போதும். ஆனால் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். நாலைந்து அடி தள்ளி நின்று, காந்த மூடி போட்ட போன் உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். 122-க்கு நேராக தூரத்தில் ஏதாவது ஒன்று தெரியும், ஒரு பனைமரமோ செல்போன் டவரோ. அதை அடையாளம் வைத்துக்கொண்டு டிஷ்ஷின் கையை அதற்கு நேராகத் திருப்புங்கள்.

எல்என்பியின் சாய்வு

வீட்டில் யாரும் கவனிக்காத விஷயம் இது. எல்என்பியை அதன் கிளாம்ப்புக்குள் சுழற்றலாம். வருகிற அலை படுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் இரண்டு வகையாக வருகிறது. சேட்டிலைட் நமக்கு நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே ஒதுங்கியிருப்பதால் அந்தப் படுக்கையும் சாய்ந்தே வந்து சேரும். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குச் சாய்வு மிகவும் அதிகம், ஏறக்குறைய 57 டிகிரி.

டிஷ்ஷுக்கு முன்னால் அதன் முகத்தைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். எல்என்பியில் வயர் மாட்டுகிற முனை முதலில் நேர் கீழே, கடிகாரத்தில் ஆறு மணிக்கு, இருக்கட்டும். அங்கிருந்து கடிகார முள் போகிற போக்கில், எட்டு மணியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரை சுழற்றுங்கள். வடக்கத்திக்காரர்கள் ஏழு மணி என்பார்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. நமக்கு எட்டு மணிப் பக்கம். எல்என்பியின் வாய் டிஷ்ஷைப் பார்த்திருக்கிறதா என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், சித்தி வீட்டில் நான் அதைத் திருப்பிப் போட்டு அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

வயர்

ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்குங்கள். மாடியிலிருந்து கீழே டிவி வரை முப்பது மீட்டருக்குள் முடிந்தால் நல்லது. நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். முனையைச் சீவும்போது நடுச் செம்புக் கம்பி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலே சுற்றியிருக்கும் வெள்ளிப் பின்னலில் ஒரு இழை உள்ளே மடிந்து செம்பைத் தொட்டாலும் ஷார்ட் ஆகும். தையல்காரிக்கு நூல் பிரிவது தெரியும், அதனால் எனக்கு இது மட்டும் முதல் தடவையே சரியாக வந்தது.

வயரை மாட்டுகிறபோதும் கழற்றுகிறபோதும் செட்-டாப் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அந்த ஒரே வயரில்தான் பாக்ஸ் மேலே எல்என்பிக்கு மின்சாரம் அனுப்புகிறது, ஒரு வகை அலைக்கு 13 வோல்ட், இன்னொன்றுக்கு 18. ஆளுக்கு ஆபத்தில்லை, பாக்ஸுக்குத்தான். எல்என்பி பக்கத்தில் வயரை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டுங்கள். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடிக் கனெக்டருக்குள் போகாமல் வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும்.

சிக்னலைத் தேடுவது

பாக்ஸில் மெனுவுக்குள் போய் சேட்டிலைட்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாக்ஸில் ஜிசாட்-15 இருக்காது, இன்சாட்-4பி என்று இருக்கும். பயப்பட வேண்டாம், அதே 93.5 டிகிரி இடத்தில் முன்பு இருந்தது அதுதான். எல்என்பி வகைக்கு 9750/10600. அலைவரிசைப் பட்டியலில் 11090, வி, 29500 என்று இருப்பதை வைத்துக்கொண்டு தேடுவது என் வழக்கம்.

திரையில் இரண்டு கோடுகள் வரும். மேலே ஸ்ட்ரெங்த், கீழே குவாலிட்டி. ஸ்ட்ரெங்த் கோட்டைத் துணி போட்டு மறைத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. எல்என்பிக்குக் கரன்ட் போனாலே அது பாதி ஏறி நிற்கும், டிஷ் சுவரைப் பார்த்திருந்தாலும் சரி. நமக்கு வேண்டியது குவாலிட்டி. அது பூஜ்ஜியத்திலிருந்து ஒரே எட்டில் தாவும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் மாடியில். அத்தை கீழே டிவி முன்னால். மகன் படிக்கட்டில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கத்துகிறான்.

“மஞ்சக்கோடு ஏறுதா அத்தை?”

“இல்லத்தா.”

கொஞ்சம் திருப்பினேன். “இப்ப?”

“இல்லத்தா... ஏ, வந்துருச்சு! வந்துருச்சு!”

கையை எடுத்தேன். கீழேயிருந்து, “போயிருச்சு.”

“எங்கிட்டுப் போச்சு?”

“எனக்கென்ன தெரியும், அங்கிட்டுதான் போயிருக்கும்!”

இதுவே பத்துப் பதினைந்து தடவை. கோபம் வந்து ஸ்பேனரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பாக்ஸ் சிக்னலைப் பிடித்துத் திரையில் காட்ட மூன்று நாலு நொடி ஆகிறது. அதற்கப்புறம் அத்தை பார்த்து, மகன் கத்தி, என் காதில் விழுவதற்குள் டிஷ் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆக, நான் கையை எடுத்த இடம் எப்போதுமே தப்பான இடம். மாடியில் திருப்புகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இதுதான் என்று நினைக்கிறேன். தொடர்ந்து திருப்பக் கூடாது. ஒரு துளி நகர்த்து, கையை எடு, ஐந்து எண்ணு, அப்புறம் கேள்.

துளி என்றால் எவ்வளவு? 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி. சிக்னல் நன்றாகப் பிடிக்கிற இடமே மொத்தம் மூன்று டிகிரி அகலம்தான். சட்டைக்கு முதலில் கிடக்கிற தையலைப் பிரித்துக் கால் இன்ச் விடுவதுபோல. கம்பத்தில் டிஷ்ஷின் கழுத்து இருக்கும் இடத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு தடவை நகர்த்தும்போதும் எவ்வளவு போனது என்று தெரியும்.

இதில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. சேட்டிலைட் தலைக்கு மேலே இருப்பதால், பக்கவாட்டில் திருப்புவது அவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டியதில்லை. அண்ணாந்து நட்சத்திரம் பார்க்கிறபோது உடம்பைக் கொஞ்சம் சுற்றினாலும் பார்வை பெரிதாக நகராது இல்லையா, அது மாதிரி. பக்கவாட்டில் மூன்று டிகிரி திருப்பினால் வானத்தில் ஒரு டிகிரிதான் நகர்கிறது. ஆனால் மேலே கீழே சாய்ப்பது அப்படி இல்லை. ஒரு டிகிரி தப்பினால் ஒரு டிகிரி தப்புதான். அதனால் சாய்வை 44-ல் கெட்டியாக வைத்துக்கொண்டு, 105-லிருந்து 140 வரை பக்கவாட்டில் ஒரு சுற்று வாருங்கள். கிடைக்காவிட்டால் மேல் விளிம்பை அரை சென்டிமீட்டர் தூக்கி மறுபடி ஒரு சுற்று. அப்புறம் ஒரு சென்டிமீட்டர் இறக்கி ஒரு சுற்று. இதற்குள் வந்துவிடும்.

வந்ததும் குதிக்காதீர்கள். சேனல் தேடிப் பாருங்கள். 91.5, 93.5, 95 என்று மூன்று சேட்டிலைட் வானத்தில் அடுத்தடுத்து, ஒரு கை அகலத்துக்குள் நிற்கின்றன. அண்ணன் வீட்டில் சிக்னல் மீட்டர் ஒன்று வைத்திருந்தார், முள் ஆடும், ‘கீ’ என்று கத்தும். அது நன்றாகக் கத்தியது, ஆனால் ஒரு சேனலும் வரவில்லை. மீட்டருக்கு எது கிடைத்தாலும் சந்தோஷம். அது பக்கத்துச் சேட்டிலைட் என்று அதற்குத் தெரியாது. பாக்ஸின் குவாலிட்டிக் கோடும், சேனல் பெயரும் வந்தால்தான் நம்முடையது.

சரியான சேட்டிலைட் என்று தெரிந்ததும், இன்னும் கொஞ்சம் மெருகு. வலப்பக்கம் நகர்த்திக் குவாலிட்டி எங்கே விழ ஆரம்பிக்கிறது என்று பார்த்துச் சாக்பீஸ் கோடு போடுங்கள். இடப்பக்கமும் அதே மாதிரி. இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். மேல் கீழுக்கும் அப்படியே. கடைசியாக எல்என்பியை இரண்டு டிகிரி அங்கிட்டும் இங்கிட்டும் சுழற்றிப் பாருங்கள். எங்களுக்கு அதில் மட்டும் 62-லிருந்து 74-க்கு ஏறியது. நட்டை இறுக்கும்போது ஒரே பக்கத்தை முழுசாக இறுக்கினால் டிஷ் திரும்பிவிடும். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று, கீழே கோட்டைப் பார்க்கச் சொல்லிக்கொண்டே. இப்போது நான் படிக்கட்டில் ஆளை நிறுத்துவதில்லை. கீழே டிவி முன்னால் ஒரு போனை சாய்த்து வைத்து, வீடியோ கால் போட்டு என் போனில் கோட்டை நானே பார்த்துக்கொள்கிறேன். அத்தைக்கு வேலை போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மழையும் வெயிலும்

ஐப்பசி கார்த்திகையில் தென்கிழக்கே கருமேகம் திரண்டு வந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் போகும். இந்த அலைக்கு மழைத்துளி ஆகாது, தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும், சிதறடிக்கும். பத்து இருபது நிமிடத்தில் தானாக வரும். அந்த நேரத்தில் மேலே ஏறி டிஷ்ஷைத் தொடவே கூடாது. எங்கள் தெருவில் கெட்டுப்போன டிஷ்ஷுகளில் பாதி, மழைக்குப் போன சிக்னலைப் பிடிக்கப் போய்த் திருப்பி வைத்ததுதான். இடி மின்னல் என்றால் பாக்ஸிலிருந்து வயரையும் கரன்ட் பிளக்கையும் கழற்றிவிட்டுப் படுங்கள்.

மழையே இல்லாத நாளில் குவாலிட்டி குறைந்தால் எல்என்பியின் வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் வில்லையைப் பாருங்கள். வெயிலில் விரிசல் விட்டிருக்கும், இல்லை குளவி மண்கூடு கட்டியிருக்கும். கூட்டைச் சுரண்டுவதற்கு முன்னால் குளவி வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனி பிறந்ததும் நாலைந்து நாள், காலை பதினொரு மணி வாக்கில், வெயில் கொளுத்துகிறபோதே படம் உடைந்து சில நிமிடம் போகும். புரட்டாசியிலும் வரும். முன்பு சொன்ன அதே சூரியன்தான். சேட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நின்று தன் சத்தத்தில் அதன் சிக்னலை அமுக்கிவிடுகிறது. அத்தை இன்னும் ஒவ்வொரு பங்குனிக்கும் கூப்பிடுவார்: “ஏத்தா, பொதிகை போயிருச்சு, மாடிக்குப் போய்த் திருப்பு.” நான் மெஷினை நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து, “பத்து நிமிஷம் இருங்க அத்தை” என்பேன். ஜாக்கெட்டின் ஒரு கை தைத்து முடிப்பதற்குள் வந்துவிடும்.